யானை எங்கே நிற்கிறது?

கோவையிலோ சென்னையிலோ நான் வால்பாறைக்காரன் என்று சொன்னால் அடுத்த கேள்வி யானையைப் பற்றித்தான் வரும். "நெறைய யானை வருமாமே, பயமா இருக்காதா?" கேட்பவர் எதிர்பார்ப்பது இரண்டு பதில்களில் ஒன்றை. யானைகள் ஊருக்குள் புகுந்து அட்டகாசம் செய்கின்றன என்பது ஒன்று. பாவம் யானை, அதன் காட்டை நாம் பிடுங்கிக்கொண்டோம் என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து பத்தாம் வகுப்பு வரை அங்கேயே வளர்ந்த எனக்கு இரண்டுமே வெளியே நின்று பேசுகிற பேச்சாகத்தான் படும். அங்கே இருப்பவர்கள் பொழுது சாயும்போது கேட்பது வேறு: "இன்னைக்கு யானை எங்க நிக்குது?"

காட்டுயிர்ப் பாதுகாப்பு பற்றி எத்தனையோ படித்த பிறகும், இதைவிட உருப்படியான கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை.

வால்பாறையைப் பார்த்திராதவர்களுக்காக. ஆழியாறு அணையைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மேட்டுநிலம். பெரும்பகுதி தேயிலை, கொஞ்சம் காப்பி, ஏலம், தேயிலை ஃபாக்டரி விறகுக்காக வளர்த்த யூகலிப்டஸ். சுற்றிலும் காடு: இந்தப் பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் கேரளத்தின் பறம்பிக்குளம், வாழச்சால், மலையாற்றூர் காடுகள். நடுவில் இருக்கும் தேயிலையும் ஒரு காலத்தில் மழைக்காடுதான். 1890களில் தொடங்கி வெட்டினார்கள். தோட்டம் போட்ட கார்வர் மார்ஷ் துரைக்கு மலைப்பாதையில் சிலை இருக்கிறது. சமவெளியிலிருந்து கூட்டிவரப்பட்டு, அட்டைக்கடியிலும் மலேரியாவிலும் காட்டை வெட்டியவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. பரவாயில்லை, அது வேறு கதை.

மழைக்காடு முழுதாகப் போய்விடவில்லை. செங்குத்தான சரிவுகளிலும் ஓடைக் கரைகளிலும் துண்டு துண்டாக நிற்கிறது. சில ஏக்கர் உள்ள துண்டும் உண்டு, நூறு இருநூறு ஏக்கர் உள்ளதும் உண்டு. எங்கள் லைனுக்குப் பின்னால் இருந்த அப்படியொரு துண்டைச் சோலை என்போம். சிங்கவால் குரங்கு, மலபார் அணில், இருவாச்சி என்று நான் பின்னால் பெயர் தெரிந்துகொண்ட எல்லாவற்றையும் முதலில் அங்கேதான் பார்த்தேன். அப்போது அவையெல்லாம் சும்மா இருந்தவை. அழியும் நிலையில் இருப்பவை என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

யானை தேயிலையைத் தின்னாது. இதைச் சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. தேயிலை அதற்கு நடந்து கடக்கிற இடம், அவ்வளவுதான். பகலில் சோலையிலோ யூகலிப்டஸ் காட்டிலோ நிற்கும். இருட்டிய பிறகு நடு ஆறு, சோலையாறு ஓரமாக, சதுப்பில் இருக்கிற புல்லையும் நாணலையும் மேய்ந்துகொண்டு அடுத்த துண்டுக்குப் போகும். நூறை ஒட்டிய யானைகள் ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் இப்படி வந்து போகின்றன. அதே நிலத்தில் 70,000 பேர் குடியிருக்கிறார்கள். யானை நடக்கத் தொடங்கும் நேரமும் டவுனிலிருந்து பஸ் பிடித்து ஆட்கள் வீடு திரும்பும் நேரமும் ஒன்று.

1994க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் இந்த மேட்டுநிலத்தில் யானையிடம் சிக்கி இறந்தவர்கள் ஏறக்குறைய 40 பேர். அந்தச் சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டது, பெரும்பாலானவர்களுக்கு அங்கே யானை நிற்பதே தெரியாது என்பதுதான். அவர்கள் யானையை விரட்டப் போய்ச் செத்தவர்கள் அல்ல. பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து லைனுக்கு ஒன்றோ இரண்டோ கிலோமீட்டர் தேயிலைக்குள் நடை. மழைக்காலத்தில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் லாரி நின்றாலே தெரியாது, யானை சத்தமே போடாமல் நிற்கும். எங்கள் டிவிஷனில் ஒருவர் அப்படித்தான் போனார். கையில் மண்ணெண்ணெய் கேன், தோளில் அரிசிப் பை. மறுநாள் காலை கொழுந்து எடுக்கப் போனவர்கள்தான் பார்த்தார்கள்.

இந்த இடத்தில்தான் வால்பாறையில் நடந்த நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். ஆட்களுக்கு யானை இருப்பது தெரியாததால் சாகிறார்கள் என்றால், தெரியப்படுத்தினால் போயிற்று. எளிமையாகத் தோன்றுகிறது. ஆனால் வேலி, அகழி, பட்டாசு, கும்கி என்றே எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் அப்படி யோசிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய கள உதவியாளர்களும் ஆண்டுக்கணக்கில் யானைக் கூட்டங்களின் பின்னால் நடந்து, எந்தக் கூட்டம் எந்த மாதம் எந்த வழியில் போகும் என்று பதிவு செய்தார்கள். பிறகு அதை ஊருக்குச் சொல்லத் தொடங்கினார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில். சாயங்காலம் சீரியல் ஓடும்போது திரையின் கீழே எழுத்து ஓடும்: இன்ன எஸ்டேட், இன்ன டிவிஷன், இத்தனை யானை. 2011 வாக்கில் செல்போன் எல்லார் கைக்கும் வந்துவிட, குறுஞ்செய்தி. கூடவே சிவப்பு விளக்குகள்.

அந்த விளக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பஸ் நிறுத்தம், லைனுக்குத் திரும்பும் முக்கு என்று தூரத்திலிருந்தே தெரிகிற உயரமான இடங்களில் மினுக்கும் சிவப்பு எல்.இ.டி. விளக்கு. உள்ளே ஒரு சிம் கார்டு. அந்தந்தப் பகுதி ஆட்கள் சிலரின் எண்களைப் பதிந்து வைத்திருப்பார்கள். யானை சுமார் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வந்துவிட்டது என்று தெரிந்தால் அவர்களில் ஒருவர் விளக்கின் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். விளக்கு எரியும். பஸ்ஸில் வருபவருக்குச் சன்னல் வழியாகவே தெரிந்துவிடும். அப்புறம் அவர் இறங்கித் தனியாக நடக்கமாட்டார். நாலு பேர் சேரும்வரை நிற்பார், இல்லை தெரிந்தவர் ஜீப்புக்குப் போன் போடுவார்.

என் சித்தியிடம் இப்படி ஒரு விளக்கின் எண் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து எடுப்பவர். "வெளயாட்டுக்கு யாராச்சும் போட்டுவிட மாட்டாங்களா?" என்று ஒருமுறை கேட்டேன். "போடறவன் புள்ளையும் அந்த வழியாத்தானே வரணும்" என்றார். விளக்கு வைத்தபோது பலர் சொன்ன ஆட்சேபமும் இதுதான்: ஜனங்கள் பொறுப்பில்லாமல் பயன்படுத்துவார்கள், உடைத்துவிடுவார்கள், பேட்டரியைத் திருடிவிடுவார்கள். அப்படி நடக்கவில்லை. சாவுகள் அடியோடு நின்றுவிடவில்லை, ஆனால் கண்கூடாகக் குறைந்தன. இந்த வேலைக்காக 2015இல் ஆனந்தகுமாருக்கு லண்டனில், காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கொடுத்தார்கள்.

இதோடு ஒப்பிட, யானையைப் பிடித்து வேறிடத்தில் விடுவது என்ற வைத்தியத்தை எடுத்துக்கொள்வோம். அரசியல்வாதிகளுக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் டிவியில் நன்றாகத் தெரியும். 2019 ஜனவரியில் தடாகம் பகுதியில் சின்னத்தம்பி என்ற யானையைப் பிடித்து எங்கள் பக்கத்து வரகளியாறு காட்டில் விட்டார்கள். சில நாளில் அது இறங்கி உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டுக்கு நடந்தது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து, இப்போது கும்கியாக இருக்கிறது. 2023 பிப்ரவரியில் தர்மபுரியில் ஒரு மக்னாவை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையைப் பிடித்து அதே வரகளியாற்றில் விட்டார்கள். அது பொள்ளாச்சி வழியாக நடந்து கோவை மாநகரத்துக்கே வந்துவிட்டது. பேரூர் பக்கம் பிடித்து மானாம்பள்ளியில் விட்டார்கள், மறுபடி சேத்துமடைப் பக்கம் இறங்கித் தோப்புகளில் புகுந்தது, ஜூலைக் கடைசியில் மூன்றாம் முறை பிடித்துச் சின்னக்கல்லாறில் விட்டார்கள். அதே ஆண்டு அரிக்கொம்பன் என்ற யானை கேரளத்துச் சின்னக்கானலிலிருந்து பெரியாறு, பெரியாறிலிருந்து கம்பம் நகரம், அங்கிருந்து களக்காடு முண்டந்துறை என்று ஊர்வலம் போனதை எல்லோரும் நேரலையில் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் ஓர் ஊரின் பிரச்சினை இன்னோர் ஊருக்கு லாரியில் போயிற்று. எங்கள் ஊருக்கு வந்த பார்சல்தான் அதிகம். புலிகள் காப்பகம் என்று பெயர் இருந்தால் அங்கே ஆளே இல்லை என்று கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

சாவைத் தவிர்க்கத் தகவல் போதும். பொருள் சேதத்துக்கு அது போதாது. யானைக்கு அரிசி வாசம் தெரியும். ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், லைன் வீட்டு அடுப்படி, மூன்றும் அதற்கு ஒன்றுதான். சுவரை நெற்றியால் ஒரு தள்ளு, உள்ளே அரிசி, பருப்பு, உப்பு. ரேஷன் பொருளை ஓரிடத்தில் குவித்து வைக்காமல் வண்டியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்புகிற நடமாடும் கடை இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை. யானைக்குப் பயிற்சி கொடுப்பதைவிட அரிசியை இடம் மாற்றுவது சுலபம் என்று இதைச் சொல்லிக் கொடுத்த அதிகாரியை நான் மனதுக்குள் வாழ்த்துவதுண்டு.

ஆனால் வீடு இடிந்தவருக்கு நடப்பது வேறு. லைன் வீடு கம்பெனியுடையது. சுவரைக் கம்பெனி கட்டித் தரும், என்றைக்கு என்று கேட்கக்கூடாது. உள்ளே நசுங்கிய பீரோ, டிவி, மாதச் சாமான் எல்லாம் தொழிலாளியுடையது. அதற்கு விண்ணப்பம், போட்டோ, கையெழுத்து, அதன் நகல் என்று அலைய வேண்டும். அலைகிற ஒவ்வொரு நாளும் சம்பளம் இல்லாத நாள். எங்கள் சொந்தத்தில் ஒருவர் பாதியில் விட்டுவிட்டார். "வர்ற காசு பஸ் சார்ஜுக்குத்தான் சரியாப் போவும்" என்றார். வெளியூர்க்காரர்கள் மலைமக்களின் சகிப்புத்தன்மை என்று இதைப் புகழ்ந்து எழுதும்போது எனக்குக் கோபம் வரும். அலைய நேரமில்லாததுதான் பாதி சகிப்புத்தன்மை.

சிறுத்தை விஷயம் இன்னும் கடினம். அதற்குச் சிவப்பு விளக்கு போட முடியாது. அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எங்கும் இருக்கிறது. சரியாகச் சொன்னால், எப்போதும் இருந்துகொண்டேதான் இருக்கிறது. வால்பாறையில் சிறுத்தை எச்சத்தைச் சேகரித்து ஆராய்ந்தபோது அதன் உணவில் 98 விழுக்காடு காட்டு விலங்குகளே என்று தெரிந்தது. கேளையாடு, கடமான், சருகுமான், முள்ளம்பன்றி. நம் ஆடு மாடு நாயெல்லாம் மீதமிருக்கிற சொச்சத்தில் அடக்கம். மனிதனை அது இரையாக நினைப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனாலும் பிள்ளைகள் இறக்கிறார்கள். 2024 அக்டோபரில் ஒரு சிறுமி. 2025 ஜூனில் பச்சைமலை எஸ்டேட்டில், வீட்டுக்கு முன்னால் நின்ற இன்னொரு சிறுமி. இரண்டும் சிறுத்தை. ஆகஸ்டில் வேவர்லி எஸ்டேட்டில் ஒரு சிறுவன். முதலில் சிறுத்தை என்றார்கள், பிறகு கரடி என்று தெரிந்தது. இப்படி ஓர் உயிர் போனால் அரசு இப்போது 10 லட்சம் ரூபாய் தருகிறது. இந்த மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூவருமே வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள்.

இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. விலங்கு மொழி பார்த்துத் தாக்குவதில்லை, உண்மைதான். ஆனால் எந்த லைனில் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். என் தலைமுறை திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டது. தேயிலை விலை ஒரே இடத்தில் நிற்க, செலவு மட்டும் ஏற, கம்பெனிகள் முதலில் கைவைத்தது பராமரிப்பில். இருபது வீடு இருந்த லைனில் ஆறு வீட்டில்தான் ஆள். பூட்டிய வீடுகளைச் சுற்றி உண்ணிச்செடி தலைக்கு மேல் மண்டிக் கிடக்கிறது. சிறுத்தைக்கு அதைவிடச் சௌகரியமான மறைப்பு கிடைக்காது. கக்கூஸ் வீட்டைத் தாண்டித் தனியாக. தெருவிளக்கு எரிந்தால் அதிசயம். இப்படிப்பட்ட கடைசி லைன்களில்தான் வடக்கிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வீடு கொடுக்கிறார்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போக, பெரிய பிள்ளை சின்னதைப் பார்த்துக்கொள்ளும். நாங்கள் சின்ன வயதில் ஆறு மணிக்கு மேல் முற்றத்தில் இறங்கினால் பாட்டி முதுகில் ஒன்று வைப்பார். எந்தப் புதரோரம் போகக்கூடாது, கோழிக் குடலை எங்கே போடக்கூடாது, நாய் ஒரு மாதிரி குரைத்தால் என்ன அர்த்தம், எல்லாம் அப்படி முதுகு வழியாக ஏறியதுதான். போன வருஷம் வந்த குடும்பத்துக்கு அதைச் சொல்லித்தர அங்கே பாட்டி இல்லை.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. வீடு, கழிப்பறை, குழந்தைகள் காப்பகம், மருத்துவம் எல்லாம் முதலாளி தர வேண்டும் என்றது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அந்தப் பழைய சட்டத்தில் சிறுத்தை என்ற வார்த்தையே இருந்திருக்காது. ஆனால் வால்பாறையில் சிறுத்தையிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றும் சட்டம் எது என்று கேட்டால் காட்டுயிர்ச் சட்டத்துக்கு முன்னால் நான் அதில் இருந்ததைத்தான் சொல்வேன். வீட்டைச் சுற்றி முப்பது நாற்பது அடிக்குப் புதர் வெட்டு, விளக்குப் போடு, கழிப்பறையை வீட்டோடு சேர்த்துக் கட்டு, காப்பகத்தை அம்மாக்கள் வரும்வரை திறந்து வை. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் இதே உத்தரவு வருகிறது. சில வாரம் புதர் வெட்டுகிறார்கள். கூண்டு வைத்து ஒரு சிறுத்தையைப் பிடித்துக் கொண்டுபோகிறார்கள். அது பிள்ளையைத் தாக்கிய சிறுத்தைதானா என்று யாருக்கும் தெரியாது. காலி இடத்துக்கு வேறொன்று வரும். புதர் மழைக்கு மறுபடி வளரும்.

குரங்குக் கதை இவ்வளவு கனமில்லை. வால்பாறை டவுனை ஒட்டிப் புதுத்தோட்டத்தில் ஒரு சோலைத் துண்டு இருக்கிறது. உலகத்தில் காட்டில் வாழும் சிங்கவால் குரங்குகள் மொத்தமே 4,000க்குக் குறைவு, எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையில். அதில் ஒரு நல்ல கூட்டம் இந்தத் துண்டுக்குள் மாட்டிக்கொண்டு பல மடங்கு பெருகியிருக்கிறது. மழைக்காட்டின் உச்சிக் கிளையைவிட்டு இறங்காத பிராணி என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே அது ஓடு பிரித்து அடுப்படிக்குள் இறங்கி தோசை மாவைக் கொட்டும். ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபடக் கூடாது என்று மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள், வண்டியை மெதுவாக்கக் காவலுக்கு ஆள் நிற்கிறார்கள். அதே இடத்தில் காரை நிறுத்தி சிப்ஸ் போடுகிற சுற்றுலாக்காரர்களை என்ன செய்வது என்றுதான் இன்னும் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு ஒரு யோசனை உண்டு, அச்சில் ஏற்ற முடியாது.

சோலைகளைத் திரும்ப வளர்க்கும் வேலையும் நடக்கிறது. 2000த்தை ஒட்டி ஆய்வாளர்கள் திவ்யா முத்தப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் தொடங்கியது. மழைக்காட்டு மர விதைகளைச் சாலையோரம் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, தோட்டக் கம்பெனிகளோடு பேசி, அவர்கள் நிலத்தில் சீரழிந்த துண்டுகளில் நடுகிறார்கள். கருங்குங்கிலியம், நாங்கு, வெடிப்பலா என்று நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள். நட்டு இருபது ஆண்டான ஓரிடத்தைப் பார்த்தேன். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது, கீழே நிழலில் புது நாற்று தானாக முளைத்திருந்தது. ஆற்றோரத்தில் இப்படி இரு கரையிலும் மரம் வந்தால் யானை லைன் பக்கம் வராமல் அந்த வழியே போகும். ஆனால் நிலம் கம்பெனியுடையது. மேனேஜர் மாறினால், கம்பெனி கைமாறினால், புதிதாக வருபவர் தலையாட்ட வேண்டும். தொழிலாளியை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அவருக்கு அங்கே ஒரு அடி மண்ணும் சொந்தமில்லை.

நிலம் என்று வந்துவிட்டால் காடர் பழங்குடிகளைப் பேசாமல் போக முடியாது. எங்கள் கொள்ளுத்தாத்தா வருமுன்பே இந்தக் காட்டில் இருந்தவர்கள். 2019 ஆகஸ்ட் மழையில் கல்லார் காடர் குடியிருப்பில் மண் சரிந்தது. பக்கத்துத் தெப்பக்குளமேட்டில் குடிசை போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். புலிகள் காப்பகத்துக்குள் புதுக் குடியிருப்பா என்று மறுத்து, எஸ்டேட் லைன் வீடுகளில் கொண்டுபோய்த் தங்கவைத்தார்கள். காட்டில் தேன் எடுத்தவர்களைத் தேயிலைக்கு நடுவே ஓட்டுவீட்டில் வைத்தால் என்ன செய்வார்கள்? விடாமல் போராடினார்கள். வன உரிமைச் சட்டம் 2006இலேயே வந்துவிட்டது. அதைக் காட்டித்தான் பேசினார்கள். 2021இல் தெப்பக்குளமேட்டிலேயே இடம் கிடைத்தது. அதனால் புலிக்கு என்ன கேடு வந்தது என்று யாரும் இதுவரை சொல்லவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம், வாழச்சாலில், காடர்கள்தான் பல ஆண்டுகளாக இருவாச்சிக் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். ஒரு காலத்தில் குஞ்சுகளை எடுத்துத் தின்றவர்கள் என்று அவர்களே சொல்வார்கள். எந்த மரத்தில் கூடு என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? 2014இல் ஒன்பது குடியிருப்புகளுக்குச் சமூக வன உரிமை கொடுத்தார்கள். அதிரப்பள்ளி அணை வேண்டாம் என்று நின்றவர்களிலும் அவர்கள் உண்டு. உரிமை கொடுத்தால் காடு போய்விடும் என்று பயப்படும் நண்பர்களிடம் நான் வாழச்சாலுக்குப் போய்வரச் சொல்வேன். சாலக்குடி ரோடு, எங்கள் ஊரிலிருந்து மழுக்குப்பாறை வழி, காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம்.

கடந்த சில மாதங்களாக எஸ்டேட்டில் பேச்செல்லாம் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலம், 2028இல் முடிகிறது. கம்பெனி 2024 ஜூனிலேயே வேலையை நிறுத்தி, விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கிவிட்டது. நிலம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தோடு சேரும். மழைக்காட்டுக்கு அது நல்ல செய்தி, நானே சொல்வேன். நான்கு தலைமுறை அங்கே பிறந்து இறந்தவர்களுக்குக் கீழே எங்கே வீடு, எந்தப் பள்ளி, என்ன வேலை என்பதை முதலில் முடித்துவிட்டு அந்தக் காட்டை மீட்டிருக்கலாம். வால்பாறையில் குத்தகை, பட்டா எல்லாம் வேறு கணக்கு, எல்லா எஸ்டேட்டுக்கும் இது பொருந்தாது என்று சொல்லிப் பார்க்கிறேன். யாரும் சமாதானமாவதில்லை. புலிக்காக நம்மை இறக்கிவிடுவார்கள் என்ற பயம் ஓர் ஊரில் பரவிவிட்டால், அப்புறம் அங்கே விளக்குக்கு யார் மிஸ்டு கால் கொடுப்பார்கள்?

சித்திக்கு வரும் பங்குனியோடு ஓய்வு. வேலை போனால் வீடும் போகும், அதுதான் எஸ்டேட் வழக்கம். பொள்ளாச்சியில் வாடகைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விளக்கு எண்ணை யாரிடம் கொடுப்பது என்று லைனில் பேச்சு வந்திருக்கிறது. சித்தி சொன்ன ஆள் பக்கத்து வீட்டு ஜார்க்கண்ட் பெண். ரெண்டு பிள்ளைக்காரி, ராத்திரி நாய் குரைத்தால் முதலில் கதவைத் திறந்து டார்ச் அடிப்பது அவள்தானாம். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே என்று சூப்பர்வைசர் இழுத்திருக்கிறார்.

"மிஸ்டு கால் குடுக்கறதுக்குத் தமிழ் எதுக்குங்க?" என்று கேட்டாராம் சித்தி. சூப்பர்வைசர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இரண்டு வாரம் ஆகிறது.